பத்து வீதம் எங்கே போனது?

கியூபெக் அரசு 2010 ஆகஸ்டில் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சையின் செலவைத் தானே ஏற்றபோது ஒரு நிபந்தனையும் விதித்தது: பொதுவாக ஒரு தடவைக்கு ஒரேயொரு முளையத்தையே கருப்பையில் வைக்க வேண்டும். மொன்றியல் வைத்தியர் பிஸ்ஸொனெத்தும் சகாக்களும் முதல் மூன்று மாதப் பெறுபேறுகளை 2009ஆம் ஆண்டுடன் ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டனர். கர்ப்பங்களில் இரட்டை, மூவர் என்பவை 25.6 வீதத்திலிருந்து 3.7 வீதமாக வீழ்ந்திருந்தன. ஆனால் கருத்தரிப்பு வீதமும் 42இலிருந்து 32 ஆக இறங்கியிருந்தது.

முதலாவது எண்ணைத் தூக்கிப் பிடித்தால் திட்டம் வெற்றி. இரண்டாவதைத் தூக்கிப் பிடித்தால் தோல்வி. அப்படியானால் அந்தப் பத்து வீதம் எங்கே போனது?

ஒரு கடதாசியும் பென்சிலும் போதும். 2009இல் நூறு சிகிச்சைக்கு 42 கர்ப்பம். அதில் நான்கிலொன்றுக்குச் சற்று மேல் பல்கரு; அதைக் கழித்தால் ஒற்றைப்பிள்ளைக் கர்ப்பம் 31. 2010இல் 32 கர்ப்பம், பல்கரு ஒன்று. மிச்சம் அதே 31. நம்மவரிடையே இரட்டை என்றால் இரட்டை அதிர்ஷ்டம். குறைமாதமும் நிறைகுறைவும் கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கும் பற்றி வாழ்த்துச் சொல்ல வருபவர்கள் பேசுவதில்லை.

ஆனாலும் இக்கணக்கோடு நான் திருப்திப்படவில்லை. இரட்டையைச் சுமந்தவளுக்கும் பிள்ளை கிடைத்தது. புதிய முறையில் சிலர் முதல் தடவை வெறுங்கையோடு திரும்பினர். அவர்களுக்காக உறைநிலையில் வைத்த முளையங்கள் பிறகு என்னவாயின என்பதை மூன்று மாதக் கணக்குச் சொல்லாது. சுவீடன் ஆய்வாளர்கள் முன்னின்று 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சரியாகக் கேட்டது. 36 வயதுக்குக் குறைந்த 661 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு இரு முளையம் ஒன்றாக. மற்றதற்கு ஒன்று, அது பலிக்காவிடில் உறையவைத்த இன்னொன்று. இரு பக்கமும் முளையம் இரண்டே, வைத்த முறைதான் வேறு. உயிருடன் பிள்ளை பெற்றவர் முதற் பிரிவில் 42.9 வீதம், மற்றதில் 38.8. பிரசவங்களில் பல்கரு 33.1 வீதமும் 0.8 வீதமும். பத்தென்று பயந்த இடைவெளி அங்கே நான்காக நின்றது.

மொன்றியல் ஒப்பீட்டில் குலுக்கல் இல்லை. 2009இல் வந்தவர்கள் காசு கட்டக்கூடியவர்கள். 2010இல் கதவு திறந்ததும் வந்தவர்கள் வேறு பெண்கள்: வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள், கடன் வாங்கவும் வழியற்றவர்கள். ஆட்கள் மாறிய பின் வீதம் மாறியதற்கு முளையத்தின் எண்ணிக்கையை மட்டும் காரணம் சொல்வது எந்த விஞ்ஞானம்?

பின்னத்தின் கீழே நிற்கும் எண்ணில்தான் சூட்சுமம். நான் வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில் பழுதான உடுப்பைத் தைத்து முடித்த உடுப்பின் தொகையால் வகுப்பார்கள். வெட்டுமேசையிலேயே வீணான துணி கணக்கில் வராது. சிகிச்சை நிலையமும் முளையம் வைத்தவர்களால் மட்டும் வகுத்தால் வீதம் அழகாயிருக்கும். ஊசி போட்டு, முட்டை சேராமல் இடையில் நிறுத்தப்பட்டவள் எங்கே? அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004இலேயே ஓர் அளவுகோலை முன்வைத்தனர்: தொடங்கிய சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் மாதம் நிறைந்து உயிருடன் பிறந்த ஒற்றைப் பிள்ளை எத்தனை? விளம்பரத்துக்கு உதவாத அளவுகோல். அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை. ஆனால் அதையும் ஒரு தடவைக்கென்று நிறுத்தாமல், அவளது முளையங்கள் தீரும்வரை எண்ண வேண்டும்.

செலவு பெருகியதென்று 2015 நவம்பரில் இலவசம் நிறுத்தப்பட்டது. 2021 நவம்பரில் திரும்பி வந்தது, ஆனால் ஒரேயொரு சிகிச்சைச் சுற்றுக்கு மட்டும். கலியாண மண்டபத்தில் “இன்னும் ஒன்றும் இல்லையோ?” என்ற கேள்விக்குத் தலைகுனிந்து, அந்த ஒரு சுற்றுக்காகப் போய் நிற்கும் நமது பெண், சுவரில் தொங்கும் வீதத்தைப் பார்த்து, இதை யாரால் வகுத்தீர்கள் என்று பிரெஞ்சில் கேட்க வேண்டியிருக்கிறது.