வியன்னாவில் ஓபரா, கிருஷ்ணகிரியில் கூத்து

வியன்னாவில் மேற்படிப்புப் பயிலும் நம் இளைஞர், ஓபரா அரங்கில் நின்று பார்க்கும் மலிவுச் சீட்டு வாங்கி, புரியாத இத்தாலியப் பாட்டில் மூன்று மணி நேரம் மெய்ம்மறக்கிறார். கிருஷ்ணகிரிச் சிற்றூரில் விடிய விடியப் பாடி ஆடும் பாரதக் கூத்தையோ, ‘பாமரர் பொழுதுபோக்கு’ என்று அவரே எள்ளுகிறார்! இசையால் கதை சொல்வது இரண்டுக்கும் பொதுவன்றோ?

வேறுபாடு கதையில் இருக்கிறது. 1786-இல் அவ்வியன்னாவிலேயே அரங்கேறிய மோட்சார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’, வேலைக்காரனும் அவன் மணப்பெண்ணும் ஆசைவெறி கொண்ட பிரபுவை மடக்குவதைப் பாடுகிறது. அதன் மூலநாடகத்துக்குப் பதினாறாம் லூயி முதலில் தடை விதித்தான். மன்னர்கள் அஞ்சிய கதை அது. நம் கட்டியக்காரனும் மன்னனை முகத்துக்கு நேரே கேலி செய்கிறான். ஆயினும் பொழுது விடிவதற்குள் விதி வென்றுவிடுகிறது! முகவீணையும் மத்தளமும் அப்படியே இருக்கட்டும். ஓசூர் ஆலைத் தொழிலாளியின் கதையைக் கூத்தாகக் கட்டித் தரும் வாத்தியார் யார் என்றே நாம் கேட்கிறோம்.