அறிவுழைப்பும் அழைப்பு மணியும்

கையால் உழைப்பவனை அருகில் நின்று மேற்பார்வையிடலாம். கருத்தால் உழைப்பவனை எங்ஙனம் மேற்பார்வையிடுவது? இவ்வினாவை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் நிருவாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர். 1909ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, 2005இல் மறைந்தவர். 'அறிவுழைப்பாளர்' என்னும் கருத்தை 1950களின் இறுதியிலேயே எடுத்துரைத்தவர். இருபத்தோராம் நூற்றாண்டில் நிருவாகம் எதிர்கொள்ளவிருந்த அறைகூவல்களைப் பற்றி 1999இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அறிவுழைப்பாளரின் ஆக்கத்திறனைப் பற்றிய இயலை மட்டும் இங்கே ஆராய விழைகிறோம். அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பிள்ளைகளை அனுப்பிவைக்கும் குடும்பங்களுக்கு இது தொலைவான செய்தியன்று.

டிரக்கர் தம் வாதத்தை ஃபிரெடெரிக் டெய்லரிடமிருந்து தொடங்குகிறார். இரும்புப் பாளம் சுமந்த தொழிலாளியின் அசைவுகளைக் கடிகாரம் கொண்டு அளந்து, வேலையை இப்படித்தான் செய்ய வேண்டுமென்று வகுத்தவர் டெய்லர். அம்முறையின் பயனாக இருபதாம் நூற்றாண்டில் உடலுழைப்பின் ஆக்கத்திறன் ஐம்பது மடங்கு உயர்ந்தது என்பது டிரக்கரின் மதிப்பீடு. ஆயினும் அறிவுழைப்புக்கு அவ்வழி பொருந்தாது என்கிறார். டெய்லர் கேட்டது, 'வேலையை எப்படிச் செய்வது?' என்பது. அறிவுழைப்பில் முதற்கண் கேட்க வேண்டியதோ, 'செய்ய வேண்டிய வேலை எது?' என்பது. அதற்கு விடை கூறத் தக்கவர் மேலதிகாரி அல்லர், அப்பணியைச் செய்பவரே. கருவி அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் வெளியேறினால் கருவியும் உடன் வெளியேறிவிடும். ஆகவே அவரைச் செலவாகக் கருதாமல் செல்வமாகப் பேண வேண்டும் என்கிறார். ஏவும் இடத்திலிருப்போரைக் கேட்கும் இடத்துக்கு இறக்கிய இக்கருத்தே இவ்வியலின் தலையாய சிறப்பு.

இதற்குச் சான்றாக ஒரு மருத்துவமனையைக் காட்டுகிறார். 'உங்கள் பணி எது?' என்று செவிலியரைக் கேட்டபோது, சிலர் 'நோயாளியைப் பேணுதல்' என்றனர். சிலர் 'மருத்துவரை நிறைவு செய்தல்' என்றனர். ஆனால் தம் பணிக்கு இடையூறானவை எவை என்பதில் அனைவரும் ஒன்றுபட்டனர். ஏடுகளை நிரப்புதல், மலர்களை அடுக்குதல், உறவினரின் தொலைபேசி அழைப்புக்கு விடையளித்தல், நோயாளி அடிக்கும் மணிக்கு எழுந்து செல்லுதல் ஆகியவையே அவை. செவிலியர் ஊதியத்தில் ஒரு சிறு பங்கே பெறும் எழுத்தரிடம் இவற்றை ஒப்படைத்ததும், நோயாளியின் கட்டிலருகே செவிலியர் செலவிட்ட நேரம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. நோயாளிகளின் மனநிறைவும் அவ்வாறே உயர்ந்தது. செவிலியர் வேலையை விட்டுச் செல்வதும் நான்கு மாதங்களுக்குள் ஏறத்தாழ நின்றது என்கிறார்.

பயனை மறுப்பதற்கில்லை. ஏடுகளில் கரைந்துகொண்டிருந்த செவிலியரைக் கட்டிலருகே கொண்டு சேர்த்தது நற்செயலே. ஆயினும் மலரடுக்குவதையும் மணிக்குச் செவிசாய்ப்பதையும் ஒரே பட்டியலில் வைத்தது சரியா? நோயாளி மணியடிப்பது தண்ணீருக்காகவும் இருக்கலாம். மூச்சுத் திணறலாலும் இருக்கலாம். வந்து பார்ப்பவர்தாம் அதனைப் பகுத்தறிய வேண்டும். அந்தப் பகுத்தறிவே அறிவுழைப்பு அல்லவா? எது சில்லறை வேலை என்று செவிலியரைக் கேட்டவர்கள், மணியடித்த நோயாளியைக் கேட்டதாக நூல் கூறவில்லை.

மற்றொரு குறை இதனினும் பெரிது. பணியைச் செய்பவரையே கேட்க வேண்டும் என்னும் விதி செவிலியரோடு நின்றுவிடுகிறது. அந்த எழுத்தரிடம், 'உம் பணி எது? உமக்கு இடையூறு எது?' என்று எவரும் கேட்கவில்லை. ஒருவர் தோளிலிருந்து இறங்கிய சுமை மற்றொருவர் தோளில் ஏறியது. ஏறிய தோளுக்கு நூலில் பெயருமில்லை, குரலுமில்லை.

டிரக்கர் இதனை அறியாதவர் அல்லர். முதலாளித்துவத்துக்குப் பிந்திய சமுதாயத்தைப் பற்றி 1993இல் எழுதிய நூலில், அறிவுழைப்பின் ஆக்கத்திறனைப் பொருளாதார அறைகூவல் என்றும், கல்வியில் குறைந்த பணியாளரின் கண்ணியத்தைச் சமுதாய அறைகூவல் என்றும் அவரே வகுத்துக் காட்டினார். ஏட்டில் இரண்டையும் பிரித்து வைக்க முடிந்தது. ஆனால் அந்த மருத்துவமனையின் ஒரே நடைகூடத்தில் இரண்டும் எதிரெதிரே வந்து நின்றன. அங்கே முதலாவதைத் தீர்த்தவர், இரண்டாவதைக் காணாமலே கடந்து சென்றார்.

எனினும் நூலைத் தள்ளிவிடுவதற்கில்லை. அதன் குறையை நாம் அளந்தறிந்ததும் அது தந்த அளவுகோலால்தான். ஒரு நிறுவனத்தை நடத்துவோர் அவ்வளவுகோலை உயர் கல்வி பெற்றோருக்கு மட்டும் உரியதாக்காமல், மணியோசை கேட்டு முதலில் எழுந்து ஓடுபவர் வரைக்கும் நீட்டுவார்களாயின், டிரக்கரின் வினா முழுமை பெறும்.