இருமுறை எழுதப்பட்ட ஆய்வேடு

மதச் சமூகவியலில் ஆய்வு செய்யப் புகும் மாணவரிடம் எம்.என். சீனிவாஸ் குடகு மக்களாகிய குடகரைப் பற்றி எழுதிய நூலைப் படிக்கச் சொல்கிறோம். அவர் கைக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்வதோ நூல் அல்ல, ஒரு குழு மேல்சாதி வழக்கங்களைக் கைக்கொண்டு உயர்வு தேடுவதைக் குறிக்கும் ‘சமஸ்கிருதமயமாக்கம்’ என்ற ஒற்றைக் கருத்து. 1952இல் வெளிவந்த அந்நூல் அடிப்படையில் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. ஆய்வேடாகவே வைத்து அதை எடைபோடுவதுதான் முறை.

அதற்கு முன்வடிவம் ஒன்று உண்டு. பம்பாயில் சமூகவியலாளர் ஜி.எஸ். குர்யேயின் மேற்பார்வையில் முதல் முனைவர் பட்டத்துக்காக எழுதப்பட்ட அது ஏறத்தாழ 900 பக்கம் நீண்டது. தரவு மிகுந்தது, கேள்வி மெலிந்தது. 1945இல் ஆக்ஸ்ஃபோர்டு சென்ற சீனிவாஸிடம் அங்கிருந்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் ஒரு கேள்வியைத் தந்தார்: சடங்கு சமூக அமைப்பை எவ்வாறு தாங்கி நிற்கிறது? பழைய தரவு புதிய கேள்விக்குக் கீழ் அணிவகுத்தது. 1947இல் இரண்டாவது முனைவர் பட்டம் கிடைத்தது.

இந்த மறு எழுத்தின் ஆதாயம் ‘மங்கள’ச் சடங்கைப் பற்றிய இயலில் துலங்குகிறது. திருமணத்துக்கும் முதல் கருவுறுதலுக்கும் புலியைக் கொன்ற வீரனுக்கும் குடகர் செய்வது ஒரே சடங்குத் தொகுதி. இவற்றைத் தனித்தனி வழக்கங்களாகப் பட்டியலிடாமல், சொற்கள் வாக்கியங்களில் இடம்மாறுவதுபோல் சடங்குக் கூறுகள் வெவ்வேறு சூழல்களில் இடம்மாறிப் பொருள்தருவதை சீனிவாஸ் காட்டுகிறார். தூய்மை, தீட்டு பற்றிய பகுப்பும் இதே கூர்மையுடையது. ‘ஒக்கா’ என்ற தந்தைவழிக் குடும்பமும் அதன் மூதாதையர் வழிபாடும் ஒன்றையொன்று விளக்கி நிற்கின்றன. இந்தியச் சடங்கியலில் இத்தகைய ஒழுங்கு அதுவரை அரிது.

ஒழுங்குதான் சிக்கலும். ராட்கிளிஃப்-பிரவுன் இக்கேள்வியை முன்பு கையாண்ட அந்தமான் நூல் (1922) சிறு தீவு மக்கள் குழுவைப் பற்றியது. குடகோ லிங்காயத்து அரசர்கள் ஆண்ட நாடு. 1834இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைப்பற்றிய நாடு. காப்பித் தோட்டங்கள் நிலவுறவைப் புரட்டிப்போட்ட நாடு. இவற்றை சீனிவாஸ் அறியாதவர் அல்லர். ஆனால் அறிந்தது முன்னுரைச் செய்தியாக நிற்கிறதே தவிர, வாதத்துக்குள் நுழைவதில்லை. ஊர்த் திருவிழாவில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு கடமை உண்டு, எனவே திருவிழா ஊரைப் பிணைக்கிறது என்கிறார். பண்ணையடிமைகளாக இருந்த பொலெயர் அந்தப் பிணைப்பை எப்படி உணர்ந்தனர்? கேள்வி எழுப்பப்படவே இல்லை. ஒருமைப்பாட்டைத் தேடிப் போனவருக்கு ஒருமைப்பாடு கிடைத்தது. எதிர்ச்சான்று வரக்கூடிய வாசல் திறந்திருக்கவில்லை. கேள்விக்கு முன்பே, குறுகிய பயணங்களில் திரட்டிய தரவுக்கு இது நேரக்கூடியதுதான். ஆயினும் குறை குறையே.

நூலின் புகழ்பெற்ற கருத்தான சமஸ்கிருதமயமாக்கம் இந்தச் சட்டகத்துக்குள் அடங்காதது என்பது வேடிக்கை. பன்றி இறைச்சியும் மதுவும் விலக்கில்லாத சமூகத்திலிருந்து ‘அம்ம குடகர்’ என்னும் ஒரு பிரிவினர் புலால் நீக்கி, மது விட்டு, பூணூல் தரித்துத் தனித்தனர். இது பிணைப்பு அன்று, பிளவு. நிலைத்த அமைப்பு அன்று, வரலாறு. நூலின் கோட்பாட்டை நூலே மறுக்கும் இடம் இது. சீனிவாஸ் அதைக் கண்டார், கோட்பாட்டைத் திருத்தவில்லை. இந்து சமயத்தை அகில இந்தியம், தீபகற்பம், வட்டாரம், உள்ளூர் என்று அவர் அடுக்கியதும் அரைக்கிணறுதான்: பரவல் தெரிகிறது, அடுக்குகளுக்கிடையிலான உறவு தெரிவதில்லை. 1959இல் மானிடவியலாளர்கள் துய்மோனும் போகாக்கும் இந்நூலை விரிவாக விவாதித்தது இத்தகைய இடைவெளிகளால்தான்.

ராட்கிளிஃப்-பிரவுன் ஓய்வுபெற்றபின் மேற்பார்வை எவான்ஸ்-பிரிட்சார்டிடம் வந்தது. மானிடவியல் இயற்கை அறிவியல் அன்று, வரலாற்றுக்கு நெருங்கியது என்று 1950இல் அறிவித்தவர் அவர். நூலோ ராட்கிளிஃப்-பிரவுனின் முன்னுரையோடும் அவருடைய கோட்பாட்டோடும் வெளியாயிற்று. மூன்றாம் முறை எழுத யாருக்கும் தெம்பிருக்காது என்பது உண்மை. எழுதியிருக்க வேண்டும் என்பதும் உண்மை.

ஆகவே சடங்கைப் படிக்கக் கற்பவருக்கு மங்கள இயல் இன்றும் பாடம். கோட்பாடாக நூலை ஏற்பதற்கில்லை. 1948இல் மைசூர்ப் பகுதியில் ஒரே ஊரில் நீண்டகாலம் தங்கியபோது சீனிவாஸ் கண்ட மதம் வேறு. 1970இல் ஆய்வுக் குறிப்புகள் தீயில் கருகியபின் நினைவிலிருந்து எழுதி 1976இல் வெளியிட்ட நூலில், மழை தராத தெய்வத்தை ஊரார் கடிந்துகொள்கிறார்கள். குடகர் நூலில் இல்லாத சச்சரவு அங்கே இருக்கிறது. குடகர் நூலில் இருந்த பகுப்பு அங்கே இல்லை.