படிக்கு இரண்டு ரூபாய்

ஓமந்தூரில் ஆயா வீட்டில் விதை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கையால்தான் உரிப்போம். ராத்திரி திண்ணையில் முறத்தைச் சுற்றி உட்கார்ந்தால் ஆயா கதை சொல்லும். அந்தக் கதைக்காகவே விரல் நோக உரித்தோம். வேலை சீக்கிரம் முடியட்டுமென்று ஒரு வருஷம் மாமா, படிக்கு இரண்டு ரூபாய் என்றார். அன்றைக்கு அதிகம் உரித்தது உண்மை. படியின் அடியில் தோலைப் போட்டு அளந்ததும் உண்மை. அடுத்த வருஷம் முறத்தைப் பார்த்ததும், "இந்தத் தடவை எவ்ளோ மாமா?" என்றுதான் கேட்டோம். கதையை யாரும் கேட்கவில்லை.

எங்களுக்கு நேர்ந்ததை லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில் பார்க்கலாம். படம் வரையப் பிரியப்பட்ட மழலையர் சிலரிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் முன்போல் வரைய வரவில்லை. முன்பே சொல்லாமல் சான்றிதழ் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கோ ஆர்வம் குறையவே இல்லை. கெடுத்தது சான்றிதழ் அல்ல, முன்பே பேசிய பேரம்.

அதற்காகப் பரிசே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 1999இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் என்ற உளவியலாளர்கள் 128 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒருவருக்கு ஏற்கெனவே பிடித்த வேலையில்தான் இந்தக் கேடு தெரிந்தது. சலிப்பூட்டும் வேலையில் தெரியவில்லை. பல் துலக்க அடம்பிடிக்கும் பிள்ளைக்குக் காலண்டரில் ஒரு ஸ்டார் ஒட்டுங்கள், பழக்கம் வரும்வரை உதவும். பழகியதும் நிறுத்திவிட வேண்டும். கதைப் புத்தகத்தைத் தானாக எடுக்கும் பிள்ளைக்கு, பக்கத்துக்கு ஒரு சாக்லேட் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதே தொகுப்பில், பேரம் பேசிய பரிசு கல்லூரி மாணவரைவிடச் சிறு பிள்ளைகளைத்தான் அதிகம் பாதித்தது. நாமோ சின்னப் பிள்ளைகளிடம்தான் அதிகம் பேரம் பேசுகிறோம்.

இன்னொரு குழப்பமும் உண்டு: கொடுப்பதெல்லாம் பரிசு அல்ல. பள்ளியில் போடும் மதிய உணவை மார்க் பார்த்துப் போடுவதில்லை. அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கும் சைக்கிளும் அப்படித்தான். மேல்நிலைப் பள்ளி தூரமாக இருக்கும் ஊர்ப் பிள்ளைக்கு அது வழி. அதே சைக்கிளை வீட்டில், "பத்தாவதுல நானூத்தம்பது எடுத்தா வாங்கித் தரேன்" என்று சொன்னால், 448 எடுத்த பிள்ளை என்ன ஆவாள்? படித்ததெல்லாம் வீண் என்றே நினைப்பாள்.

பொதுத்தேர்வுக்குப் பேரம் பேசி வைத்திருக்கும் பெற்றோரே, வாங்க முடியுமென்றால் அந்த சைக்கிளைத் தேர்வுக்கு முன்பே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.