ஈரெழுத்து மலை

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பேருந்து கச்சிராயபாளையத்தைத் தாண்டட்டும், பிறகு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். “மலயில நேத்து நல்ல மழ” என்பார் முன்னிருக்கைக்காரர். ஏட்டில் ‘மலை’ என்று எழுதுகிறோம். இந்தப் பேருந்தில் அது ‘மல’. கடைசி ஐகாரம் தேய்ந்து, கோமுகி ஆற்றுக் கூழாங்கல்லைப் போல வழவழப்பாகிக் கிடக்கிறது. எனக்கு அந்தத் தேய்ந்த உருவத்தின் மேல் தீராத பிரியம்.

ஏனென்றால் அந்த உருவத்தில்தான் உறவுகள் தெரிகின்றன. மலையாளத்தில் அது அப்படியே ‘மல’. தெலுங்கர்கள் பேச்சில் ‘கொண்ட’ என்பார்கள். ஆனாலும் திருமல, நல்லமல என்னும் பெயர்களுக்குள் நம் சொல் பத்திரமாக இருக்கிறது. கன்னடத்தில் ‘மலெ’. மலெநாடு என்று சொல்லும்போதே ஈரமும் பச்சையும் கண்ணில் படர்கின்றன.

ஒருமுறை மெல்லச் சொல்லிப் பாருங்கள். உதடுகள் மூடித் திறக்க ‘ம’ பிறக்கிறது. நாக்கு எழுந்து மேற்பல்லின் அடியைத் தொட ‘லை’ பிறக்கிறது. ஒரு மூடல், ஓர் எழுச்சி. அந்த நாக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே வளைத்துவிட்டால் மலை மழையாகிவிடுகிறது! இந்தப் பேருந்து ஏறும் கல்வராயன் மலையில் ஓர் அருவிக்கு மேகம் என்றே பெயர். அதன் முன்னால் நின்றவர்களுக்கு இந்த இரண்டு சொற்களையும் பிரித்து வைக்க மனம் வராது.

இந்த மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள். கேரளத்தார் பெயரும் அதுவே. இவர்கள் பேசுவதோ தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழியாக இவர்கள் சொல்லும் கதை. கடுக்காய் பொறுக்கும் கையும் சாமை விதைக்கும் கையும் ஒரே பெயரைச் சூடியிருக்கின்றன: மலையை ஆள்பவர். எவ்வளவு கம்பீரமான பெயர்!

மலை இருந்த இடத்தில் இருக்கும். அதன் பெயருக்கு மட்டும் காலில் சக்கரம். வடமொழிக்குள் ‘மலய’ என்று நுழைந்து சந்தன மணத்தோடு உலவியது. பிறகு மலயமாருதம் என்னும் தென்றலாகத் திரும்பி வந்து, விடியற்காலையில் பாடும் ஓர் இராகத்துக்கும் பெயரானது. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்னும் கிரேக்க வணிகர், மிளகு விளையும் கரையை ‘மலே’ என்று எழுதினார். அரபியர் நாவில் அது மலபார் ஆயிற்று. போர்த்துக்கீசியர் அந்தப் பெயரைத் தமிழ்மொழிக்கே சூட்டினார்கள்: 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் முகப்பில் நம் மொழி ‘மலபார் தமுல்’. கரும்புத் தோட்ட வேலைக்காக ரியூனியன் தீவுக்குக் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தவர்களை அங்கே இன்றும் ‘மல்பார்’ என்கிறார்கள். நடுக்கடலில் ஒரு தீவு, அங்கே பிரெஞ்சு பேசும் ஒரு பிள்ளை, அவன் பெயரடையில் நம் ஊர்ச் சொல். அதை நினைத்தால் நெஞ்சு கனிகிறது.

வீட்டிலிருக்கும்போதும் இந்தச் சொல் சும்மா இருந்ததில்லை. பழந்தமிழில் ‘மலைதல்’ என்றால் எதிர்த்துப் போரிடுதல். பூச்சூடுவதும் ‘மலைதல்’தான். வேலும் பூவும் ஒரே வினைக்குள்! இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையோ, தனித்தனியே வந்து கலந்தவையோ, அந்த ஆராய்ச்சியை இன்றைக்கு ஒதுக்கிவைக்கிறேன். இரண்டையும் ஒருசேர உச்சரிப்பதே இன்பமாக இருக்கிறது. இன்றைய பேச்சில் ‘மலைத்துப் போனேன்’ என்கிறோம். திகைப்பைச் சொல்ல இதைவிட அழகான வினை வேண்டுமா?

கல்வராயனுக்கு வடக்கே செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்தும் 583 அடிப் பாட்டுக்கு ‘மலைபடுகடாம்’ என்று பெயர். மலை ஒரு யானை. அதிலிருந்து எழும் ஓசைகள் அதன் மதநீர். பெயரிலேயே ஒரு கவிதையை முடித்துவிட்ட நேர்த்தியைப் பாருங்கள்.

இத்தனைக்கும் மேலாக நான் நேசிப்பது ‘மலையேறுதல்’. ஆடி முடித்த சாமி ஆளை விட்டு இறங்கினால் ‘சாமி மலையேறிடுச்சு’. விளக்கு அணைந்தால், அணைந்தது என்று சொல்ல நாக்கு கூசுகிறது; ‘விளக்கு மலையேறிடுச்சு’ என்கிறோம். இருட்டை ஒரு பயணமாக மாற்றிவிடும் கனிவு அது. ஒளி எங்கேயும் போய்விடவில்லை, உயரத்துக்குப் போயிருக்கிறது.

வெள்ளிமலையில் ஒரு மாலை. திண்ணையோரம் மாடத்தில் அகல் அணைந்தது. “விளக்கு மலயேறிடுச்சு தம்பி, அந்த எண்ணெய எடு” என்றார் அந்த வீட்டுப் பாட்டி. எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டியபடி கேட்டேன்:

“நாமளே மலை மேலதான இருக்கோம் பாட்டி? இது எங்க ஏறிப் போவும்?”

கருகிய திரியின் நுனியைக் கிள்ளியெறிந்து, மிச்சத்தை விரல்களுக்கிடையே திரித்தபடி, வாசலுக்கு எதிரே இருண்டிருந்த முகட்டைத் தாடையால் சுட்டினார்.

“நமக்கும் மேல மல இல்லியா?”