பறக்கத் தெரிந்தவர்கள் மட்டும் போதுமா?

2025 ஜூன் 25ஆம் தேதி ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பிய ஆக்சியம்-4 விண்வெளிப் பயணத்தில் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் படைச் சீருடைக்காரர் ஒருவர்தான்: இந்திய விமானப்படையின் குரூப் கேப்டன் சுபான்ஷு சுக்லா. போலந்துக்காரரான ஸ்வாவோஷ் உஸ்னான்ஸ்கி, சேர்ன் ஆய்வகத்தில் வேலை பார்த்த பொறியாளர். ஹங்கேரியின் திபோர் காபுவும் பொறியாளர்தான். தலைமை தாங்கிய பெக்கி விட்சன் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்கர்களில் விண்வெளியில் அதிக நாள் இருந்தவர். மிக்-21, சுகோய்-30, ஜாகுவார் என்று ஏறத்தாழ 2,000 மணி நேரம் வானத்தில் கழித்த நம் போர் விமானி, ஓர் உயிர்வேதியியலாளரின் கட்டளைப்படி பறந்தார். இதில் அவருக்கு எந்தக் குறைவும் இல்லை. ஆனால் நம் மனித விண்வெளித் திட்டமான ககன்யானுக்காக நாம் பொறுக்கிய நால்வருமே விமானப்படையின் சோதனை விமானிகள் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நம்முடைய தேர்வு முறையைக் கொஞ்சம் உரசிப் பார்க்கத் தோன்றுகிறது.

அந்த நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27 அன்று தும்பாவில் வெளியாயின. பாலக்காட்டுப் பக்கத்து நென்மாறைக்காரர் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், பிரயாக்ராஜின் அங்கத் பிரதாப், லக்னோவின் சுக்லா. நால்வரும் தேசிய பாதுகாப்பு அகாதமியின் முன்னாள் மாணவர்கள். நாயரும் கிருஷ்ணனும் விமானப்படை அகாதமியில் கௌரவ வாள் பெற்றவர்கள். பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவக் கழகம்தான் இவர்களைச் சலித்தெடுத்தது. 2020 பிப்ரவரியிலேயே ரஷ்யாவின் ககாரின் மையத்துக்குப் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் நாட்டு மக்கள் பெயரைத் தெரிந்துகொள்ள நான்கு ஆண்டுகள் ஆயின. படைத்துறை வழியாக ஆள் எடுத்தால் படைத்துறையின் வாய்ப்பூட்டும் கூடவே வருகிறது. இதை நான் சின்னக் குறையாக நினைக்கவில்லை. மக்கள் பணத்தில் நடக்கும் திட்டத்தின் முகங்கள் இவை.

முதலில் இந்த முறைக்குச் சேரவேண்டிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். சோதனை விமானி என்றால் துணிச்சல்காரர் என்றே பலரும் நினைக்கிறார்கள். துணிச்சல் எல்லாப் போர் விமானிகளுக்கும் உண்டு. பெங்களூரின் விமானச் சோதனை நிறுவனத்தில் கற்பிக்கப்படுவது வேறு: இன்னும் யாரும் முழுதாக நம்பாத ஒரு எந்திரத்தை அதன் எல்லைவரை கொண்டுபோவது, அங்கே அது எப்படி நடந்துகொண்டது என்பதைத் திரும்பிவந்து பொறியாளருக்குப் புரியும்படி எழுதிக்கொடுப்பது. இந்தக் கைப்பிடி இடம் மாற வேண்டும், இந்த எச்சரிக்கை விளக்கு தாமதமாக எரிகிறது என்று சொல்ல ஆள் வேண்டும். ககன்யான் போன்ற புதுக் கலத்துக்கு இதைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

அண்மைச் சான்று ஒன்று இருக்கிறது. 2024 ஜூன் 6 அன்று போயிங்கின் ஸ்டார்லைனர் சர்வதேச விண்வெளி நிலையத்தை நெருங்கியபோது அதன் உந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. உள்ளே இருந்த புட்ச் வில்மோர், சுனிதா வில்லியம்ஸ் இருவரும் அமெரிக்கக் கடற்படையின் சோதனை விமானிகள். வில்மோர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக் கலத்தை நிலையாக வைத்திருந்தார். அவர்கள் இடத்தில் அருமையான நுண்ணுயிரியலாளர் இருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே தயக்கமாக இருக்கிறது. 1965இல் வோஸ்கோத்-2 கலத்தின் தானியங்கி இறக்கம் கைவிட்டபோது சோவியத் விமானப்படையின் பாவெல் பெல்யாயெவ் கையால் இயக்கித்தான் கலத்தைத் தரையிறக்கினார். ஆகவே முதல் சில பயணங்களுக்குச் சோதனை விமானிகள் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

எனக்குச் சிக்கல் அதற்கு அப்பால்தான். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? 1958 இறுதியில், அமெரிக்காவின் மெர்க்குரி விண்வெளித் திட்டத்துக்குப் படைத்துறைச் சோதனை விமானிகளிடமிருந்தே ஆள் எடுக்கலாம் என்று அதிபர் ஐசனோவர் முடிவு செய்தார். பாதுகாப்பு மட்டும் காரணமில்லை. அவர்களுடைய உடல்நலக் கோப்புகள் தயாராக இருந்தன; ரகசியம் காக்கத் தெரிந்தவர்கள்; பொது விளம்பரம் கொடுத்து ஆயிரக்கணக்கான மனுக்களைப் படிக்க வேண்டியதில்லை. 508 கோப்புகளைப் புரட்டி 110 பேரைத் தகுதியுள்ளவர்களாகக் கண்டு, 1959 ஏப்ரலில் 7 பேரை மேடையேற்றினார்கள். அந்த அவசரத்துக்கு அது சரி. அமெரிக்காவே 1965இல் அறிவியலாளர்களை எடுக்கத் தொடங்கிவிட்டது. படைத்துறையை விட்டு அதிக காலம் நகராத சீனாகூட 2023இல் பேராசிரியர் குய் ஹைச்சாவை அனுப்பியது. நம்மிடமும் அதே வசதிதான் வேலை செய்திருக்கிறது என்று நினைக்கிறேன். கோப்பு கையில் இருக்கிறது, கட்டளைக்குக் கீழ்ப்படிவார்கள், வேலையை விட்டுப் போகமாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் இஸ்ரோ இதைவிட விரிவாக ஒருமுறை யோசித்திருக்கிறது. 1984இல் ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11இல் போனார், ரவீஷ் மல்ஹோத்ரா மாற்று ஆளாக நின்றார், இருவரும் விமானப்படையினர். அதற்கு அடுத்த ஆண்டே இன்சாட்-1சி செயற்கைக்கோளை ஏற்றிச்செல்லும் அமெரிக்க விண்ணோடத்தில் கூடவே செல்ல நாகபதி சிதம்பர் பட், ராதாகிருஷ்ணன் என்ற இரண்டு இஸ்ரோ பொறியாளர்கள் தேர்வானார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் வெடித்துச் சிதறியதோடு அந்தப் பயணமும் போயிற்று. பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஆள் எடுத்தபோது அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படைத்துறை அதிகாரிகளுக்கு அறிவியல் வராது என்று வாதாடினால் அது பொய். அப்போலோ 15இல் சந்திரனின் ஆதிப் பாறைத் துண்டைக் கண்டெடுத்த டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் விமானப்படை அதிகாரிகள். நிலவியல் ஆசிரியர் நன்றாகப் பழக்கியிருந்தார். சுக்லாவும் தார்வாட் விஞ்ஞானிகளின் பாசிப்பயறையும் வெந்தயத்தையும் முளைக்கவிட்டுக் காட்டினார்; தசைத் திசுச் சோதனையையும் செய்தார். எழுதிக்கொடுத்த படிகளை வரிசை பிசகாமல் செய்வதில் விமானியை மிஞ்ச ஆளில்லை. எழுதிக்கொடுக்காத ஒன்று கண்ணில் படும்போதுதான் துறைக்காரரின் தேவை தெரியும். விண்வெளியில் ஆறு மாதம் இருக்கும் காலம் வரும்போது, ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் கூட இருப்பவர்களில் ஒரு மருத்துவர் இருப்பது நல்லதா இல்லையா?

பெங்களூரின் தொழிற்பேட்டையான பொம்மசந்திராவில் நின்று இதை யோசிப்பது தனி அனுபவம். ஓசூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் ஷிப்டுக்கு வந்திறங்கும் தமிழர்களுக்கு இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. நாராயணா இருதய மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள், பயோகானின் உயிரியலாளர்கள், சிஎன்சி எந்திரத்தில் மைக்ரான் கணக்கில் உலோகம் சீவும் டிப்ளமோக்காரர்கள் எல்லாம் சில கிலோமீட்டருக்குள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தட மெட்ரோவும் வந்துவிட்டது. ஒரு விண்வெளி நிலையத்தில் வாழ, பழுதுபார்க்க, ஆய்வு செய்யத் தேவையான திறமைகளில் பெரும்பகுதி இந்த ஓசூர் சாலையோரம் இருக்கிறது. இவர்களில் ஒருவராலும் முதல் அணிக்கு மனுப்போட முடியவில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமை 2021இல் பொது அறிவிப்பு கொடுத்தபோது 22,500க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். நாம் அறிவிப்பே கொடுக்கவில்லை.

அதிகம் பேசப்படாத இன்னொரு இழப்பும் உண்டு. சோதனை விமானி ஒருவரை உருவாக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வுபெற்றபின் விமானப்படையின் போர் அணிகள் 29 ஆகிவிட்டன. இருக்க வேண்டியவை 42. புதிய தேஜஸ்கள் சோதனை முடித்துப் படையில் சேரக் காத்திருக்கின்றன. இந்த நேரத்தில் தேர்ந்த நால்வரை 2020இலிருந்து ஒரு கலத்துக்காகக் காத்திருக்க வைத்திருக்கிறோம். 1976இல் பிறந்த நாயருக்கு வயது ஐம்பதை எட்டுகிறது.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். 2020 ஜனவரியில் பெங்களூரில் இஸ்ரோ அறிமுகம் செய்த வியோமித்ரா பெண் உருவ ரோபோ. ஆளில்லாப் பயணத்தில் அதுதான் போகும். மனிதர்கள் நால்வரும் ஆண்கள். இதைத் திட்டமிட்ட ஒதுக்கல் என்று நான் சொல்லவில்லை. ஆள் எடுத்த வட்டத்தில் பெண்கள் இல்லை, அவ்வளவுதான். போர் விமானிகளாகப் பெண்கள் சேர்ந்ததே 2016இல். தேசிய பாதுகாப்பு அகாதமியில் படித்த முதல் 17 பெண்கள் 2025 மே மாதம்தான் வெளியே வந்தார்கள். அவர்களில் யாராவது விமானியாகி, சோதனை விமானியாகி, விண்வெளிப் பயிற்சியும் முடிக்க இன்னும் பதினைந்து ஆண்டுகளாவது பிடிக்கும். நம் சொந்த விண்வெளி நிலையமான பாரதிய அந்தரிக்ஷ் நிலையத்தையோ 2035க்குள் கட்டி முடிப்பதாகச் சொல்கிறோம்.

சீருடையை முழுதாகக் கழற்றாமலேயே கதவை அகலமாக்கவும் வழி இருக்கிறது. அதே பெங்களூர் விமானச் சோதனை நிறுவனத்தில் விமானிகளோடு உட்கார்ந்து படிக்கும் சோதனைப் பொறியாளர்கள் உண்டு. 2021இல் அந்தப் படிப்பை முடித்து விமானப்படையின் முதல் பெண் சோதனைப் பொறியாளரானவர் கர்நாடகத்தைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஆஷ்ரிதா ஒலேட்டி. புதுக் கலத்தை எடைபோடவும், பிழையை எழுதிக்கொடுக்கவும் அவர்களுக்கும் அதே பயிற்சிதான். ககன்யான் தானாகவே பறந்து தானாகவே இறங்கும்படி வடிவமைக்கப்பட்டது. மூன்று இருக்கைகளிலும் விமானிகளே உட்கார வேண்டும் என்பதற்குப் பொறியியல் காரணம் எதையும் நான் காணவில்லை. ஒரு இருக்கை சோதனை விமானிக்கு, மற்றவை பொது அறிவிப்பின் வழியே வருபவர்களுக்கு என்று அடுத்த அணிக்கு விதி எழுதலாம். அந்த அறிவிப்பு இப்போதே வந்தால்தான், பயிற்சிக்கு ஐந்தாறு ஆண்டுகள் போக, நிலையம் தயாராகும்போது அவர்களும் தயாராக இருப்பார்கள்.