விழி நின்ற இடமும் நோக்கும்

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளைப் படம் பிடிக்க வந்த நண்பர் ஒருவர், ஒரு மாலை வேளையில் தம் கேமராவை என் கையில் கொடுத்து, "எதைப் பார்க்கிறீர்களோ அதுவே தெளிவாகும் ஐயா, பார்த்தால் போதும்" என்றார். கண்ணை வைத்தேன். உள்ளே ஒரு சிறு வட்டம் என் பார்வையோடு கூடவே ஓடிற்று. மலைச் சரிவைப் பார்த்தால் சரிவின்மேல் நின்றது. கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளியின் தொப்பியைப் பார்த்தால் தொப்பியின்மேல் நின்றது. "இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று நண்பர் கேட்டார். மறுநாள் பள்ளியில் ஆசிரியர்களிடம் அதே வினாவை வைத்தேன். 'கண் கட்டுப்பாடு' என்றார் ஒருவர். 'நோக்கறி கருவி' என்றார் மற்றொருவர். இவ்விரு பெயர்களையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதற் பெயரை விரைவில் தள்ளிவிடலாம். கேனன் நிறுவனம் ஆங்கிலத்தில் இட்ட பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதால் வந்த வினை இது. தமிழில் கட்டுப்பாடு என்றால் அடக்கி வைத்தல். உணவுக் கட்டுப்பாடு என்பது உணவைக் குறைப்பது. கண் கட்டுப்பாடு என்றால் கண்ணை அடக்குவது என்றே மாணவன் பொருள் கொள்வான். கருவியோ கண்ணை அடக்கவில்லை. கண்ணின் பின்னே ஓடுகிறது.

இரண்டாவது பெயர் அழகானது. அழகானது என்பதாலேயே அதனை ஆராயாமல் ஏற்கக் கூடாது. கருவி செய்வது என்ன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளையை ஒட்டிச் சிறு விளக்குகள் சில உள்ளன. அவை உமிழ்வது அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்குப் புலப்படாது. அவ்வொளி விழியின் முன்புறமுள்ள வளைந்த வெண்படலத்தில் பட்டு ஒரு சிறு மினுக்கமாகத் திரும்புகிறது. பொஹீமியாவைச் சேர்ந்த உடலியல் அறிஞர் புர்க்கின்யே 1823-இல் விளக்கிய எதிரொளிப் பிம்பங்களுள் முதலாவது இதுவே. கருவிழியின் நடுத்துளையாகிய பாவை, அதே ஒளியில் கரிய வட்டமாகத் தெரிகிறது. தலை சற்று நகர்ந்தால் மினுக்கமும் பாவையும் ஏறத்தாழச் சேர்ந்தே நகரும். கண் சுழன்றாலோ இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு மாறும். அம்மாற்றத்தைக் கொண்டே விழி எத்திசையில் திரும்பிற்று என்று கணக்கிடுகிறார்கள். ஒரு பாகை சுழற்சிக்கு அம்மாற்றம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு!

இதனை ஒரு கைப்பிடிக் கருவிக்குள் அடக்குவதுதான் அருமை. கண்ணுக்கு நேர் எதிரே உணர்கருவியை வைத்தால் காட்சி மறையும். ஓரத்தில் வைத்தால் இமை மயிர் குறுக்கிடும். காட்சி ஒளியைத் தன்னூடே விட்டு, அகச்சிவப்பை மட்டும் பக்கவாட்டில் திருப்பும் பூச்சிட்ட கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து இச்சிக்கலைத் தீர்த்தார்கள். மூக்குக்கண்ணாடி அணிந்தோர்க்கு மற்றொரு தொல்லை: அக்கண்ணாடியே தனியாக ஒளியைத் திருப்பி, உண்மை மினுக்கத்தை மறைத்துவிடக்கூடும். விளக்குகளைப் பல இடங்களில் வைப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. மேலும், கண்ணின் நடு அச்சும் நாம் உண்மையில் பார்க்கும் கோடும் ஒன்றல்ல. சராசரியாக ஐந்து பாகை அளவு விலகியிருக்கும். அவ்விலகல் ஆளுக்கு ஆள் மாறும். எனவே ஒவ்வொருவரும் முதலில் சில புள்ளிகளைப் பார்த்துக் கருவிக்குத் தம் கண்ணைப் பழக்க வேண்டும். புதிய மாணவனின் கையெழுத்தை ஆசிரியர் பழகிக்கொள்வது போன்றது அது.

1992-இல் வந்த கேனன் இ.ஓ.எஸ். 5 என்னும் பிலிம் கேமராவில் ஐந்தே புள்ளிகள். கேமராவைக் கிடையாகப் பிடித்தால்தான் விழியைப் பின்தொடரும். நெட்டாகப் பிடித்தால் அவ்வேலை நின்றுவிடும். 1998-இல் வந்த இ.ஓ.எஸ். 3-இல் புள்ளிகள் 45 ஆயின. 2004-க்குப் பின் இம்முறையுடன் புதுக் கேமரா எதுவும் அந்நிறுவனத்திலிருந்து வரவில்லை. 2021-இல் ஆர் 3 என்னும் கேமராவில் மீண்டும் தலைகாட்டியது. 2024-இல் மேலும் இரண்டு கேமராக்களில் இடம்பெற்றது.

ஆக, கருவி அறிவது விழி நின்ற இடம். அதனை 'நோக்கு' எனலாமா?

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் தலைப்பு இருமுறை வருவதை ஆசிரியர்கள் அறிவர்: பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. பின்னதில், தலைவியின் ஒரே கண்ணில் நோய் தரும் நோக்கும், அந்நோய்க்கு மருந்தாகும் நோக்கும் உள்ளன என்று தலைவன் கருதுகிறான். நம் கருவியை அங்கே வைத்துப் பாருங்கள். இரு நோக்கிலும் விழி நின்ற இடம் ஒன்றே, பாகையும் ஒன்றே, மினுக்கமும் பாவையும் அதே தொலைவில். கருவிக்கு அவை இரண்டல்ல. அவன் பார்க்கையில் அவள் நிலத்தைப் பார்ப்பதாகவும் ஒரு குறள் உண்டு. கருவி நிலத்தின்மேல் வட்டமிட்டு, நிலத்தைத் தெளிவாக்கிவிடும்! தலைவன் பிழைத்தான், கருவி இல்லாமையால்.

தொல்காப்பியர் செய்யுளியலில் 'நோக்கு' என்பதைச் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக வைத்தார். கேட்போரை மீண்டும் திரும்பிப் பார்க்கச் செய்யும் தன்மையையே அவர் அப்பெயரால் குறித்தார். கண் எங்கே நின்றது என்பது ஒரு வினா. ஏன் நின்றது என்பது வேறொரு வினா. அகச்சிவப்பு விளக்கு முதல் வினாவோடு நின்றுவிடுகிறது.

வெறும் பெயருக்கு இத்தனை வாதமா என்று சிலர் கேட்கலாம். படிக்கும்போது கண் ஒழுகிச் செல்லாமல் தாவித் தாவி நிற்கிறது என்பதை 1870-களின் இறுதியில் பிரான்சு நாட்டுக் கண் மருத்துவர் ஜவால் எடுத்துக்காட்டினார். அன்று முதல் படிக்கும் விழியை அளப்போர் பலர். அக்கருவி நாளை நம் வகுப்பறைக்கும் வரலாம். அப்போது அதற்கு 'நோக்கறி கருவி' என்று பெயரிருந்தால், அது குறிக்கும் புள்ளியைப் பிள்ளையின் கவனமென்றே நம்பிவிடுவோம். பயிற்சிக் காலத்தில் "பிள்ளைகளின் கண்ணைப் பாருங்கள்" என்றே எங்களுக்குக் கற்பித்தனர். அதை அப்படியே கடைப்பிடித்து, சன்னல் வழியே மலை மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியை ஒரு நாள் கடிந்துகொண்டேன். அவள் எழுந்து, நான் அதுவரை சொன்ன பாடலைப் பிழையின்றி ஒப்புவித்தாள். முன் வரிசையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பையனுக்கு ஓர் அடியும் வரவில்லை.

கருவியை வகுத்தவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். புதிய கேமராவில் விழி இடத்தைக் காட்டினாலும், விரல் பொத்தானைப் பாதி அழுத்தினால்தான் அவ்விடம் உறுதியாகிறது. விழி விரும்பாததையும் பார்க்கும் என்பதை ஒப்புக்கொண்டு, முடிவை விரலுக்கு விட்டிருக்கிறார்கள். பெயரிடுவதில் நாம் காட்டாத அடக்கத்தை அவர்கள் அமைப்பில் காட்டியிருக்கிறார்கள் என்பேன்.

எனவே 'விழியிடம் காட்டி' என்பதை நான் முன்மொழிகிறேன். ஓசை நயம் குறைவுதான். என் ஆசிரியர்களும் அதைச் சொல்லிவிட்டார்கள். இதைவிடச் செறிவான சொல் கிடைத்தால் மகிழ்வேன். 'நோக்கு' மட்டும் அதில் வேண்டா.